பூவுக்குச் சொன்ன சாட்சி

எப்டி பர்மனென்ட் ஆனேன்னு எங்க பிள்ளைப்பாக்கத்துப் பொம்பளைங்க இன்னிக்கும் என்னைக் கேப்பாளுங்க. தோட்ட வேலைக்குன்னு போன பொம்பளைங்கள்ல கம்பெனி நீல சட்டை போட்டவ எங்க பக்கத்துல நான் ஒருத்திதான். பூவை நல்லா வளத்தேன், குடுத்தாங்கன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவேன். நல்லா வளத்தது நெசம். அதுக்காகத்தான் குடுத்தாங்கன்றதும் நெசம். நடுவுல ஒண்ணு கீது. அத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

எனக்கு வாய் நீளம். தண்ணி லாரிக்காரன்லருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் எல்லாரும் என் வாயில வுழுந்து எழுந்தவங்கதான். பயிர் வைக்கிற குடும்பம் எங்களுது. கழனியில ஒரு துண்டு மட்டும் எப்பவும் துலுக்க சாமந்தி போடுவோம். வெடியக்காலம் பறிச்சு, மூட்டை கட்டி, கோயம்பேட்டுக்கு பஸ்ல ஏத்தி வுடுவோம். அப்புறம் நிலத்தைக் கேட்டு வந்தாங்க, குடுத்துட்டோம். அதுக்கு அழறதுக்காக நான் இதச் சொல்ல வரல. கையெழுத்துப் போட்டது எங்க வூட்டுக்காரரு, பக்கத்துல நின்னு தலையாட்டினது நான். வந்த பணத்துல அவரு மோட்டார் சைக்கிள் வாங்கினாரு, நான் கம்மல் மாத்தினேன். அவ்ளோதான் அந்தக் கதை.

காசு தீந்ததும் நான் வேலைக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர்லருந்து ஒரகடம் போற பக்கம், காருக்கு ஒயர் கட்டுற கம்பெனி. உள்ள மெஷின் வேலைக்கு தெக்கத்திப் பக்கத்துப் புள்ளைங்க பஸ் பஸ்ஸா வந்து எறங்குங்க. எனக்கு வெளியில தோட்ட வேலை, கான்ட்ராக்ட்ல. கான்ட்ராக்ட்னா இன்னான்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். காண்டீன்ல உக்காந்து சாப்பிடக் கூடாது, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால உக்காந்துதான் வூட்டுச் சோத்தைத் தின்னணும். கம்பெனி பஸ்ல ஏறக் கூடாது. சாயங்காலம் வெளிய போறப்ப தூக்குச் சட்டிய தொறந்து செக்யூரிட்டிகிட்ட காட்டணும். கான்ட்ராக்டர் மாறினா ஆளும் மாறும். ஒரு தடவ அப்டி மாறி, மூணு மாசம் வூட்ல உக்காந்து எங்க மாமியார் மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன். எதிரிக்குக் கூட அது வேணாம்.

தோட்டத்துல நாங்க மூணு பேரு. நான், ஒரு வயசானவரு, அப்புறம் கான்ட்ராக்டரோட மச்சான். மச்சானுக்கு மம்பட்டிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. இப்டி இருக்கறப்ப ஆபீஸ்ல ஒரு பேச்சு கெளம்புச்சு. பொங்கலுக்கு அப்புறம் வெளிநாட்லருந்து பெரிய தலைங்க வருதாம், அதுக்குள்ள ரிசப்ஷன் முன்னாடி பூந்தோட்டம் ஜோரா இருக்கணுமாம், நல்லா வந்துச்சுன்னா மூணு பேர்ல ஒருத்தர கம்பெனியே எடுத்துக்குமாம். அன்னிலருந்து எனக்குத் தூக்கத்துலயும் அதே நெனப்புதான். பெரிய ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. காண்டீன்ல, ஃபேனுக்குக் கீழ, தட்டுல சோறு வாங்கி நாற்காலியில உக்காந்து திங்கணும். 'நாளைலருந்து வராதே'ன்னு ஒருத்தன் வாயால சொல்லி என்னை வெளிய அனுப்ப முடியக் கூடாது. அது போதும்னு இருந்துச்சு.

தோட்டத்தைப் பாத்துக்க ஒரு அட்மின் சார் இருந்தாரு. மொளச்சு மூணு இலை வுடல, எனக்குப் பூ வளக்கச் சொல்லிக் குடுக்க வந்துட்டாரு. பெங்களூர்லருந்து வெதை பாக்கெட் வாங்கியாந்தாரு. பாக்கெட் மேல படம் போட்டிருந்துச்சு, சின்ன சாமந்தி, நல்ல ரத்தச் செவப்பு, ஒவ்வொரு இதழ் ஓரத்துலயும் மஞ்சளா ஒரு கரை. பட்டுப் பொடவைக்குக் கரை கட்டின மாதிரியே இருந்துச்சு. எங்க பக்கத்துல அப்ப அப்டி ஒரு பூ கெடையாது. மஞ்சள் இல்லாட்டி ஆரஞ்சு, அவ்ளோதான் சாமந்தி. பாத்ததும் எனக்கு அதுமேல ஒரு கிறுக்கு புடிச்சுகிச்சு.

நாத்து வுட்டேன். மண்ணும் எருவும் சலிச்சு, வெதைய மேலாப்புல தூவி, வைக்கோல் போத்தி, பூவாளியில தண்ணி காட்டினேன். நாலாம் நாளு தலைய நீட்டுச்சு. எடுத்துப் பாத்தியில நட்டேன். தோட்டத்துக்குனு அவங்க வுடற தண்ணி காண்டீன்லயும் கக்கூஸ்லயும் போன தண்ணியச் சுத்தம் பண்ணினது. அதுல ஒரு உப்பு கீது, நாலு நாள்ல மண்ணு மேல வெள்ளையா பூத்துடும், இலை ஓரம் கருகும். வாரத்துல ஒரு நாள் குடிக்கிற தண்ணிக் கொழாயத் தொறந்து மண்ணை அலசி வுட்டேன், யாருக்கும் தெரியாம. இலைக்கு அடியில செம்பேன் வந்துச்சு, கண்ணுக்குத் தெரியாத செவப்புப் பூச்சி. வேப்பெண்ணெயில சோப்பு கரைச்சு, மல்லாந்து படுத்துகினு அடி இலைக்கு அடிச்சேன். வாட்ச்மேன் சிரிச்சான், நீ மொதல்ல பாத்தியில காலை வெக்காம நடன்னு சொன்னேன்.

செடி ஒரு சாண் வந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளி வுடணும். அப்பத்தான் பக்கத்துல கெளை வெடிச்சு புதரா வரும், பூ நெறைய வெக்கும். நான் கிள்ளிகினு போறேன், அட்மின் சார் மாடியிலருந்து பாத்துட்டு எறங்கி ஓடியாறாரு. செடிய ஒடிக்கறியா, உனுக்கு அறிவு கீதான்ற மாதிரி கத்தறாரு. நான் வெளக்கிச் சொன்னேன். காதுல வாங்கல. மறுநாளே ஒரு போர்டு நட்டாரு. பூவையோ செடியையோ தொட்டா ஒழுங்கு நடவடிக்கைன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி இருந்துச்சு. தோட்டக்காரிக்கே அந்த போர்டுன்னா எங்க போயி முட்டிக்கறது.

பூ வந்துச்சு. மொத சுத்து அமக்களமா பூத்துச்சு. நான் ஊரெல்லாம் பீத்திகினேன். அட்மின் சார்கிட்டயே எத்தினி தடவ சொல்லியிருப்பேன், சார், இந்தப் பூ காஞ்சிபுரம் மார்க்கெட்லயும் கெடைக்காது, கோயம்பேட்லயும் கெடைக்காது, இந்தக் கேட்டுக்குள்ள மட்டும்தான் கீதுன்னு. அவரும் தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்குவாரு. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

அப்புறம்தான் வெனை. பூவைப் பறிக்கலன்னா அது செடியிலயே காஞ்சு வெதை புடிக்கும். வெதை புடிச்சா செடி, சரி நம்ம வேலை முடிஞ்சுதுன்னு நின்னுடும். பறிக்கப் பறிக்கத்தான் சாமந்தி பூக்கும், அது பால் கறக்கறவளுக்கும் பூ பறிக்கறவளுக்கும் ஒரே பாடம். போர்டு நட்டவருக்கு அது தெரியுமா. பாத்தியெல்லாம் பழுப்படிச்சுப் போச்சு. நீ ஒழுங்கா ஒரம் போடலன்னு என்னைத் திட்டிட்டு, அவரே நின்னு யூரியா கொட்ட வெச்சாரு. யூரியா போட்டா இலைதான் வரும். இலை வந்துச்சு, யானைக்குப் போடற அளவுக்கு வந்துச்சு. புதுசா பூ ஒண்ணு கூட வெக்கல. பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாசம். இனிமே இந்த ஆளை நம்பினா நமக்குச் சைக்கிள் ஷெட்டுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆபீஸ்காரங்க ஒம்போது மணிக்குத்தான் வருவாங்க. நான் அஞ்சரைக்கே போயி, கருக்கல்லயே காஞ்சதையும் மலந்ததையும் எல்லாம் பறிச்சுப் போட ஆரம்பிச்சேன். பத்தே நாள்ல மொக்கு குத்துச்சு. இருபதாம் நாள் பாத்தி செவசெவன்னு ஆயிடுச்சு. அட்மின் சார் வந்து பாத்துட்டு, பாத்தியா யூரியா வேலை செய்யறதன்னாரு. ஆமா சார்னு சொன்னேன். நாக்கைக் கடிச்சுகினு சொன்னேன்.

பறிச்ச பூவை இன்னா பண்றது, அதுதான் வம்பு. காஞ்சத குழியில போட்டு மண்ணைத் தள்ளிடுவேன். ஆனா நேத்து மலந்த பூ தளதளன்னு கையில இருக்கும். அத எப்டி குப்பையில போடறது. எங்க வூட்ல வாடின பூவக்கூட கால் படாத எடத்துலதான் போடுவோம். நல்ல பூவைக் கையில வெச்சுகினு குடுக்க ஆளில்லாம முழிச்சேன். வூட்டுக்கு எடுத்துப் போலாம்னா தூக்குச் சட்டிய தொறந்து பாப்பாங்க.

அப்பத்தான் அந்தப் பொண்ணு. சாத்தூருக்கு அந்தண்ட இன்னா ஊரோ, காலை ஷிப்டுக்கு பஸ்ஸ வுட்டு எறங்கி பாத்தி ஓரமா நின்னு பாத்துகினே போகும். இருவது வயசு இருக்கும், ட்ரெய்னி. ஒரு நாள், யக்கா, எங்க ஊர்ல இதக் கேந்தின்னு சொல்வோம், ஆனா இப்படி ரெண்டு கலர்ல பாத்ததே இல்லன்னு பேச்சுக் குடுத்துச்சு. உள்ள மெஷின் லைன்ல தலையில பூ வெக்கக் கூடாது, குல்லா மாட்டணும். ரூம்ல ஆறு பொண்ணுங்க, ஒரே ஒரு இருக்கன்குடி மாரியம்மன் படம், அதுக்கு வாரத்துல ஒரு நாள்தான் பூ வாங்க முடியுதுன்னு சொல்லுச்சு. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி எனக்கு இருந்துச்சு. கையில இருந்தத அப்டியே அதுங்கிட்ட குடுத்தேன். சாமிக்குப் போற பூ, யாருக்கு இன்னா கொறைஞ்சு போச்சு.

அப்புறம் தெனமும் குடுத்தேன். அது சாப்பாட்டுப் பையில ஒரு பேப்பர்ல மடிச்சு வெச்சுக்கும். நின்னு ரெண்டு வார்த்தை பேசும். அவங்க அம்மா தன் தம்பிக்கு, அதாவது இதோட தாய்மாமனுக்கு, இதக் கட்டி வெச்சுடணும்னு நிக்குதாம். மாமனுக்குக் குடி, மொத பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டா. இங்கிட்டு வேலை இருக்கற வரைக்கும் தப்பிச்சேங்க்கா, வேலை போச்சுன்னா மறுவாரமே தாலிதான்னு சிரிச்சுகினே சொல்லும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. கம்முனு வேலையப் பாருடீ, யாரு உன்ன அனுப்பப் போறாங்கன்னு அதட்டி வுட்டேன்.

பொங்கல் முடிஞ்சு வெளிநாட்டுக்காரங்க வந்தாங்க. பாத்தி முன்னாடி நின்னு போட்டா புடிச்சுகினாங்க. அன்னிக்குச் சாயங்காலமே அட்மின் சார் என்னைக் கூப்ட்டு, உன் பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன், அடுத்த வாரம் ஆர்டர் வந்துடும்னாரு. எனக்குத் தலை கால் புரியல. ஒரு வாரம் ஜாக்கிரதையா இருடீன்னு எனக்கு நானே சொல்லிகினேன். ஆனா செடிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்குப் பூக்குது, பறிக்கணும். பறிச்சேன், குடுத்தேன்.

கேட்டுல ஒரு பட்டன் கீது. ஷிப்டு முடிஞ்சு போறவங்க ஒவ்வொருத்தரும் அத அமுக்கிட்டுப் போகணும். பச்சை லைட்டு எரிஞ்சா போலாம், செவப்பு எரிஞ்சா பையைத் தொறந்து காட்டணும். யாருக்கு எப்ப எரியும்னு சொல்ல முடியாது. ஒரு மாசத்துக்கு மேல அந்தப் பொண்ணுக்குப் பச்சைதான் எரிஞ்சுகினு இருந்துச்சு. ஆர்டர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி செவப்பு எரிஞ்சுது.

நான் பாத்தியில களை எடுத்துகினு இருந்தேன். செக்யூரிட்டி ஆள் வந்து, உன்ன ரூமுக்குக் கூப்பிடறாங்கன்னான். கையெல்லாம் சேறு, கழுவக் கூட இல்ல, அப்டியே போனேன். சின்ன ரூம். மேசைக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி ஆபீஸரு, பட்டாளத்துல இருந்து வந்தவரு. பக்கத்துல அட்மின் சார். செவுத்தோரமா அந்தப் பொண்ணு. மேசை மேல பேப்பரப் பிரிச்சு வெச்சு, அதுமேல பூ. பதினஞ்சு இருபது இருக்கும், கொஞ்சம் நசுங்கி.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன்னு அது சொல்லி இருக்கு. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன பொய்யி. அட்மின் சாருக்குச் சந்தேகம். அதுக்குத்தான் என்னைக் கூப்ட்டது. நான் அங்க வேலை செஞ்ச மூணு வருஷத்துல அந்த ஆள் என்னை நீ வா போன்னுதான் கூப்ட்டிருக்காரு. அன்னிக்கு ஒரு நாற்காலியக் காட்டி உக்காரச் சொன்னாரு.

"நீங்கதாம்மா சொல்லணும். இது நம்ம பூவா, வெளியில கெடைக்கறதா?"

என் வாய் என்னைக்கும் என்னைக் கேட்டுப் பேசினதில்ல. அன்னிக்கு மட்டும் நின்னு யோசிச்சுது. வெளியிலயும் கெடைக்குது சார்னு ஒரு வார்த்தை, அந்தப் பொண்ணு பையை எடுத்துகினு பஸ் ஏறிப் போயிருக்கும். ஆனா இது எங்கயும் கெடைக்காதுன்னு நானே அவர் காதுல நூறு தடவ ஓதி இருக்கேனே. பொய் சொன்னா அடுத்த கேள்வி எனக்குத்தான் வரும், இவ ஏன் பொய் சொல்றான்னு. ரெண்டு நாள்ல ஆர்டர். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள்ள ஓடுச்சு. இன்னொண்ணும் இருந்துச்சு, சொல்ல வெக்கமா கீது. நாற்காலி போட்டு, நீங்கதான் சொல்லணும்னு என்னைக் கேட்டாங்களே, அதுல ஒரு பெருமை. என் பூவை எனக்கா தெரியாதுன்னு ஒரு திமிரு.

"நம்ம பூதான் சார்," அப்டின்னேன்.

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. கோவமா பாத்திருந்தா கூடத் தாங்கி இருப்பேன். அதுக்குப் புரியல, அவ்ளோதான். அக்கா எதோ வழி வெச்சுகினுதான் பேசறாங்கன்னு நெனச்சிருக்கும், அடுத்த வார்த்தைக்காக நின்னுச்சு. அடுத்த வார்த்தை ஒண்ணுதான். நான்தான் குடுத்தேன். அது என் தொண்டை வரைக்கும் வந்துச்சு, சத்தியமா வந்துச்சு. அதுக்குள்ள பட்டாளத்துக்காரரு, இந்தப் பொண்ணு பறிச்சதை நீ பாத்தியான்னு கேட்டாரு. பாக்கல சார்னேன். அதுல பொய் இல்ல பாருங்க. பறிச்சது நான்தானே, அது எங்க பறிச்சுது. அந்த நேரத்துல கூட, பொய் சொல்லாம தப்பிக்கிற வார்த்தையாப் பாத்து எடுத்தேன். அவ்ளோ சாமர்த்தியக்காரி நான்.

அந்தப் பொண்ணு தலையக் குனிஞ்சு, நான்தான் பறிச்சேன் சார், மன்னிச்சிருங்கன்னுச்சு. மன்னிக்கிற எடமா அது. திருட்டு ஒண்ணு, பொய் ஒண்ணு, போர்டு வெச்சும் பறிச்சது ஒண்ணு. ட்ரெய்னிக்கு விசாரணை கெடையாது. கார்டை வாங்கிகினு, ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிகினு, நாளைலருந்து வராதேன்னுட்டாங்க. பூவை பேப்பரோட சுருட்டி அட்மின் சார் குப்பைக் கூடையில போட்டாரு.

நான் வெளிய வந்து பாத்திக்குப் போயி உக்காந்தேன். களை எது செடி எதுன்னு கண்ணுக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துல அது கணக்கு முடிச்சுகினு கேட்டுப் பக்கம் வந்துச்சு. ஷிப்டு பஸ் போயிடுச்சு, ரோட்டுக்கு நடந்துதான் போகணும். நான் தண்ணிக் கொழாய இழுத்துகினு, வேலையா போற மாதிரி வேலி ஓரமா போனேன்.

போயி இன்னா கேட்டேன் தெரியுமா. "நான் உள்ள போயி சொல்லிடட்டுமா"ன்னு கேட்டேன். சொல்றவளா இருந்தா சொல்லி இருப்பா. கேப்பாளா?

அது என்னைப் பாத்துச்சு. இப்ப புரிஞ்சிடுச்சு அதுக்கு, எல்லாமே. மூஞ்சியில அழுத தடம் இருந்துச்சு, ஆனா குரல் தெளிவா இருந்துச்சு.

"வேணாங்க்கா. போறது என்னோட போகட்டும். இங்கிட்டு நின்னு பேசாதீங்க, யாராவது பாத்துறப் போறாங்க."

சொல்லிட்டு ரோட்டைப் பாக்க நடந்துச்சு. சாத்தூருக்கு, அம்மாகிட்ட, மாமன்கிட்ட. எனக்கு எல்லாம் தெரியும், அதுவே சொல்லி இருக்கு. ஓடிப் போயி கையைப் புடிச்சு நிறுத்தினேன்னு சொன்னா கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கும். அழுதேன்னாவது சொல்லலாம். வேணாங்க்கான்னு அது சொன்னதும் எனக்கு வந்தது அழுகை இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு.